சவ்வரிசி நாட்டில் ஒரு திரவச் சவ்வு

சேலத்திலிருந்து ஆத்தூருக்கோ, ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கோ பஸ்ஸில் போகும்போது சில இடங்களில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சேகோ ஃபேக்டரித் தண்ணீரின் புளித்த வாடைதான் காரணம். எங்கள் வகுப்பில் பலருடைய தோட்டத்தில் குச்சிக்கிழங்கு விளைகிறது. சிலருடைய அம்மா அப்பா சேகோ ஆலையில் வேலை செய்கிறார்கள். நமக்குச் சோறு போடும் தொழிலை நாம் வெறுக்க முடியுமா? கிணற்று நீர் கெடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியுமா? ஆகவே, அந்தப் புளிப்பைப் பிரித்தெடுக்க வழி உண்டா என்று ஆராயப் புகுந்தோம்.

முதலில் அந்தப் புளிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டிகளில் தெளியவிடுவார்கள். மாவு அடியில் படியும், மேல்நீர் வெளியேறும். அந்நீரில் எஞ்சிய மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் தின்று கரிம அமிலங்களாக மாற்றுகின்றன. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம், வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம், கெட்ட வெண்ணெய் போல நாறும் பியூட்ரிக் அமிலம் ஆகியவை அவற்றுள் சில.

இவற்றுள் லாக்டிக் அமிலம் விலைமதிப்புள்ள பொருள். உணவுக்கும் மருந்துக்கும், மட்கக்கூடிய பிளாஸ்டிக் செய்வதற்கும் அது பயன்படுகிறது. மாவைச் சர்க்கரையாக்கி, தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களைக் கொண்டு புளிக்க வைத்தால் அமிலம் கிடைக்கும். நம் குச்சிக்கிழங்கு மாவும் இதற்கு ஏற்றதே. ஆனால் அந்தக் கலவையிலிருந்து அமிலத்தைத் தனியே எடுப்பதுதான் பெரும்பாடு.

1780இல் ஸ்வீடன் நாட்டில் வாழ்ந்த ஷீலே என்ற விஞ்ஞானி புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தார். அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து உப்பாக்கி, பிறகு கந்தக அமிலம் ஊற்றி விடுவிக்கும் முறை நெடுங்காலமாக ஆலைகளில் நடந்து வருகிறது. இதில் ஒரு டன் லாக்டிக் அமிலம் எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு டன் ஜிப்சம் கழிவாகக் குவியும். ஒரு கழிவை நீக்க இன்னொரு கழிவா?

இங்கேதான் திரவச் சவ்வு வருகிறது. சவ்வரிசிக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு! அமில நீருக்கும் கார நீருக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலமே திரவச் சவ்வு.

நாங்கள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் நடுவில் சிறு டம்ளரை வைத்தோம். டம்ளரில் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றி, இரு சொட்டு பினாப்தலீன் விட்டதும் அது இளஞ்சிவப்பானது. வெளியே டம்ளரின் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை வினிகர் ஊற்றினோம். இரண்டையும் மூடும்படி தேங்காய் எண்ணெய் விட்டோம். எண்ணெயைக் கடந்து அமிலம் உள்ளே வந்தால் நிறம் மறைய வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நிறம் மாறவே இல்லை!

எங்கள் முகம் வாடியதைக் கண்ட சிஸ்டர், “பரிசல் இல்லாமல் காவிரியைக் கடக்க முடியுமா?” என்று கேட்டார். அப்போதுதான் விளங்கிற்று. அமிலம் நீரை விரும்புவது. எண்ணெயில் எளிதில் கரையாது. ட்ரைஆக்டைல் அமைன் போன்ற ஒரு பொருளை எண்ணெயில் கலக்க வேண்டும். அது ஒரு கரையில் அமிலத்தை ஏற்றி, மறு கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும். மறு கரையில் உள்ள சோடியம் கார்பனேட் அமிலத்தை உப்பாக மாற்றிவிடும். உப்பு எண்ணெயில் ஏறாது. ஆகவே அமிலம் திரும்பிப் போக முடியாது.

1968இல் அமெரிக்காவில் நார்மன் லீ என்ற பொறியாளர் திரவச் சவ்வால் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கார நீரை நுண்துளிகளாக எண்ணெய்க்குள் அடைத்து, அந்த எண்ணெய்க் குமிழ்களை அழுக்கு நீரில் கலக்குவது அவர் முறை. துளிகள் சிறுத்தால் பரப்பு பெருகும்; வேலை விரைவாக நடக்கும். ஆஸ்திரியாவின் லென்சிங் நகரில் 1980களில் செயற்கை இழை ஆலைக் கழிவுநீரிலிருந்து துத்தநாகத்தை இவ்விதம் மீட்டார்கள்.

குறைகளும் உண்டு. குமிழ்கள் உடைந்தால் பிடித்த அமிலம் திரும்பக் கலந்துவிடும்; நீரை உறிஞ்சி வீங்கினால் அமிலம் நீர்த்துவிடும். சேகோ நீரிலோ பல அமிலங்கள் குறைந்த அளவில் கலந்திருக்கின்றன. அதனால் நம் பகுதி ஆலைகள் பலவற்றில் கழிவுநீரை மூடிய தொட்டிகளில் விட்டு, அமிலங்களை மீத்தேன் வாயுவாக மாற்றி எரிபொருளாக்குகிறார்கள். அதுவும் நல்ல வழியே. மாவிலிருந்தே லாக்டிக் அமிலம் செய்யும் ஆலை இங்கு எழுமானால், ஜிப்சம் குவியாமல் இருக்கத் திரவச் சவ்வு துணை செய்யக்கூடும்.

தோழியரே! அடுத்த முறை பஸ்ஸில் மூக்கைப் பொத்தும்போது, அந்த வாடைக்குள் ஒரு வேதியியல் பாடம் இருப்பதை நினைப்போம். எங்கள் டம்ளரில் நிறம் மாறவில்லைதான். ஆனால் ஏன் மாறவில்லை என்பதை அறிந்துகொண்டோம். அதை மாற்றிக் காட்டும் ஒருத்தி நம்மிடையே இருந்து எழட்டும்!