கலத்துக்கு என்ன பெயர்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் விண்வெளிக் கதை எழுதுகிறாள். கலத்துக்குப் பெயர் கிடைக்காமல் தவிக்கிறாள். எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், ஆரணி

பதில்: பிரதமர்களே தலையிட்ட விஷயம் இது! 1975-ல் நம் முதல் செயற்கைக்கோளுக்கு ஆரியபட்டா, ஜவஹர் உட்பட மூன்று பெயர்கள் இந்திரா காந்தியிடம் போயின. தந்தையின் பெயர் பட்டியலில் இருந்தும் அவர் ஆரியபட்டாவையே தேர்ந்தெடுத்தார். நிலவுத் திட்டத்துக்கு முதலில் ‘சோமயான்’ என்றுதான் பெயர். வாஜ்பாய் அதைச் ‘சந்திரயான்’ ஆக்கினார். நல்ல முடிவு. எங்கே போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் புரிகிறதே!

அமெரிக்காவின் ‘எண்டெவர்’ விண்ணோடத்துக்குப் பெயர் தந்தவர்கள் பள்ளி மாணவர்கள். கேப்டன் குக்கின் கப்பல் பெயர் அது. ஆக, உங்கள் மகளின் வயது ஒரு தடையே இல்லை.

கலம் என்ன வேலை செய்கிறது என்பதை அவள் முதலில் முடிவு செய்யட்டும். தண்ணீர் சுமக்கும் கலமா? உங்கள் ஊர் ஆறு கமண்டல நாகநதி. ‘கமண்டலம்’ என்று வைக்கலாம். கோள்விட்டுக் கோள் போகும் நெடும்பயணமா? உங்கள் ஊர்த் தெருவில் நெசவுக்கான பட்டுப் பாவு நூலை நீள விரித்து, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதை அவள் பார்த்திருப்பாள். ‘நெடும்பாவு’ எனக்குப் பிடித்திருக்கிறது.

வானொலியில் அவசரமாகக் கூப்பிட்டாலும் நாக்கு குழறாத பெயராக இருக்க வேண்டும். ஐந்தெழுத்து, ஆறெழுத்து போதும். கதையை முடித்ததும் எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.