கரண்ட் பில்: லாபம் யாருக்கு, மிச்சம் எப்படி?

"போன தடவை 1,800 ரூபாய், இந்தத் தடவை 2,100-க்கு மேல. ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அதேதான். மின்வாரியம் நல்லா லாபம் பார்க்குது!" இப்படிப் பக்கத்து வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டிலும் சொல்லியிருப்போம். அந்தப் பணம் எங்கே போகிறது, அதில் எவ்வளவை நாம் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்போம், வாங்க.

லாபம் யாருக்கு?

நமக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். இது அரசு நிறுவனம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த இதன் நஷ்டம் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நாம் கட்டும் பணத்தில் பெரும்பகுதி மின்சாரம் வாங்கவே போய்விடுகிறது. கடன் வட்டி வேறு. லாபம் இருப்பது உற்பத்தி செய்து விற்பவர்களிடம். உதாரணமாக, நெய்வேலி போன்ற மத்திய அரசு அனல் மின் நிலையங்களுக்கு, பங்கு முதலீட்டின் மீது 15.5 சதவீத வருவாயை மத்திய ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கிறது. அதுவும் சேர்ந்துதான் யூனிட் விலை.

கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டண மனு மீது முடிவெடுக்கும் முன் மக்கள் கருத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டம் 2003. அறிவிப்பு வரும்போது நீங்களும் உங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்பலாம்.

501-வது யூனிட்

2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்:

முதல் 100 யூனிட்: இலவசம்
101–200: ரூ.2.35
201–400: ரூ.4.70
401–500: ரூ.6.30

500 யூனிட்டுக்கு மொத்தம் ரூ.1,805. ஒரு யூனிட் கூடினால் என்ன ஆகும்? 101 முதல் 200 வரை கிடைத்த ரூ.2.35 சலுகை போய், அதற்கும் ரூ.4.70 ஆகிவிடும். 501-வது யூனிட்டுக்கு ரூ.8.40. ஆக மொத்தம் ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டால் 243 ரூபாய் கூடுதல்! 499 யூனிட் ஓடிய வீட்டில் 510 ஓடினால் பில் 1,800-லிருந்து 2,124-க்குத் தாவுவது இப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. ரீடிங் எடுத்த 30-ஆம் நாள், மீட்டரில் 'கேடபிள்யூஎச்' என்று காட்டும் எண்ணை மொபைலில் போட்டோ எடுங்கள். பழைய ரீடிங்கைக் கழியுங்கள். 250-ஐத் தாண்டினால் உஷார்!

2. சாதாரண 75 வாட் ஃபேன் தினமும் 10 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 45 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 18 யூனிட் போதும். ஒரு ஃபேனை மாற்றினாலே 27 யூனிட் மிச்சம்.

3. பில்லில் உள்ள ரீடிங்கும் மீட்டரும் ஒத்துப்போகவில்லையா? போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு 'மின்னகம்' 94987 94987 எண்ணில் புகார் செய்யுங்கள். 24 மணி நேரமும் செயல்படும்.

யூனிட் விலை நம் கையில் இல்லை. ஆனால் 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் நம் கையில்தான் இருக்கிறது. இன்றைக்கே மீட்டரை ஒரு தடவை பார்த்துடுங்க!