நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் தேறுவது எப்படி?



"நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செஞ்சிட்டாங்க. இனிமே அவரு மூலையில உட்கார வேண்டியதுதான்" என்று தோட்டத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சில் பாதி பயம், பாதி அறியாமை. ஆபரேஷன் டாக்டரின் வேலை. தேறி வருவதோ நோயாளியும் அவர் வீட்டாரும் செய்ய வேண்டிய வேலை. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடது நுரையீரலில் இரண்டு மடல்கள். ஒரு மடலை எடுத்துவிட்டால் மற்றவை மெல்ல விரிந்து அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். 2015 ஜனவரி 14-ம் தேதி இலங்கை மடு மாதா கோயிலுக்கு வந்தாரே போப் பிரான்சிஸ், அவருக்கு 1957-ல், வாலிப வயதிலேயே, வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அவர் 88 வயது வரை வாழ்ந்து 2025-ல் காலமானார்.

அந்தக் காலத்தில் நெஞ்சு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் காசநோய்க்குத்தான். விலா எலும்புகளை வெட்டி நுரையீரலை அமுக்கி வைப்பார்கள். பிறகு மருந்துகள் வந்தன. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டில் இருக்கும் நோயாளியும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே குணமடைவார் என்று காட்டியது. நம் நாட்டில் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-ல் வந்தது. ஆகவே இன்று காசநோய்க்குக் கத்தி வைப்பது அபூர்வம். புற்றுநோய்க் கட்டி, நெஞ்சில் சீழ் கட்டுவது போன்றவற்றுக்கே ஆபரேஷன் அதிகம். சிலருக்கு விலாவின் ஓரத்தில் நீளமாகத் திறப்பார்கள். சிலருக்குச் சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வார்கள். துளை ஆபரேஷன் என்றால் சீக்கிரம் தேறலாம்.

முதல் பாடம்: மூச்சு

ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார். இருமல் வந்தாலும் அடக்குவார். அப்போது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா காய்ச்சல் வரும். வலி மாத்திரை கொடுப்பது சுகமாகத் தூங்க மட்டும் அல்ல. நன்றாக இருமுவதற்கும் தான். "வலியைத் தாங்கிக்கிறேன்" என்று மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்.

இருமும்போது ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ காயத்தின் மேல் அணைத்துப் பிடியுங்கள். தையல் பிரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை பத்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். ஆஸ்பத்திரியில் மூன்று குண்டு உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தால், அதை ஊதக்கூடாது. மெதுவாக உறிஞ்ச வேண்டும். பலர் ஊதிப் பார்த்துவிட்டு, "குண்டு ஏறலியே" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பாடம்: நடையும் தோளும்

படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். ஆகவே முதல் வாரம் லயத்து வாசல் வரை, அடுத்த வாரம் கோயில் வரை என்று தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் சரி. மூச்சு வாங்கினால் நின்று, உதட்டைக் குவித்து, விளக்கு அணையாமல் ஊதுவதுபோல் மெல்ல விடுங்கள்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தொங்கவிட்டே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களைப் பல்லி ஏறுவதுபோல் ஏற்றி இறக்குங்கள். செம்பனை வெட்டுகிறவருக்குத் தோள்தானே மூலதனம்! காயத்தைச் சுற்றி மரத்துப் போவதும் சுருக்கென்று குத்துவதும் சில மாதம் இருக்கலாம். ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்தவர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடம்: சாப்பாடு

"முட்டை சூடு, மீன் சீழ் வைக்கும்" என்று பத்தியம் வைத்து, வெறும் கஞ்சி ஊற்றும் பாட்டிமார் இன்னும் உண்டு. அன்பு பெரிதுதான். ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் கொடுக்கலாம். சைவக்காரர்கள் தௌவும் தயிரும் சேர்க்கலாம். வலி மாத்திரை மலச்சிக்கல் தரும். ஆகவே பப்பாளி, காய்கறி, தண்ணீர் வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மருந்தை விடக்கூடாது. சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது.

நான்காவது பாடம்: புகை

உலகத்தில் முதன்முதலாக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே ஆபரேஷனில் எடுத்து, புற்றுநோயைக் குணப்படுத்தியவர் அமெரிக்க டாக்டர் எவர்ட்ஸ் கிரஹாம். ஆண்டு 1933. அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான். ஒற்றை நுரையீரலோடு அவர் ஏறக்குறைய 30 ஆண்டு வாழ்ந்தார். டாக்டர் கிரஹாமோ பல காலம் சிகரெட் பிடித்தவர். 1950-ல் சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அவரே ஆராய்ந்து எழுதினார். பிறகு சிகரெட்டை விட்டார். ஆனாலும் 1957-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வெட்டியவர் போய்விட்டார், வெட்டப்பட்டவர் இருந்தார். இதற்கு மேல் என்ன சொல்ல?

சிகரெட்டை விட அரசாங்கக் கிளினிக்குகளில் உதவி உண்டு. வீட்டில் மற்றவர்களும் வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, குப்பை எரிப்பது எல்லாம் புகைதான். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் குவாலா சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசர நிலை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் கதவைச் சாத்தி உள்ளே இருங்கள். வெளியே போக வேண்டுமானால் என்-95 முகக்கவசம் போடுங்கள்.

ஐந்தாவது பாடம்: வேலை

இதுதான் பெரிய கவலை. "வேலைக்குப் போகலேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களோ" என்று பயந்து, மூன்றாம் வாரமே குலை தூக்கப் போகிறவர் உண்டு. அது கூடாது. ஆறு வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள். ஒரு செம்பனைக் குலையோ, கேஸ் தோம்போ அதைவிட எவ்வளவு கனம்! கனமான வேலைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். மருந்து அடிக்கும் வேலைக்குத் திரும்பலாமா என்று டாக்டரிடம் கேட்டு, பதிலை எழுதியே வாங்குங்கள். பராகுவாட் 2020 முதல் தடையானாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றனவே.

1955-ம் ஆண்டு வேலைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில், ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. 2023 ஜனவரி முதல் இது சாதாரண நோய் லீவுக்கு மேற்பட்டது. வீட்டில் இருந்தாலும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் எழுதித் தந்தால் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் ஒன்று: லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். எம்.சி.யின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் உடனே சொல்லுங்கள்.

மறுபரிசோதனைத் தேதியையும் தவற விடாதீர்கள். ஜாலான் பகாங் சுவாச நோய் நிலையத்துக்குக் கிள்ளானிலிருந்து போகிறவர்கள், கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மோனோரயில் ஏறித் தித்திவங்சாவில் இறங்கலாம். காலை நெரிசலில் இடிபடாமல், துணைக்கு ஆள் வைத்துப் போங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சில் கடும் வலி, இருமலில் இரத்தம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இரத்தம் வந்தாலோ 999-க்குப் போன் போடுங்கள்.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு சொல். தேறி வருகிறவருக்குச் சில நாள் கோபம் வரும், சில நாள் அழுகை வரும். உடம்பு ஆறுமுன் மனம் சலித்துவிடும். அவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். கையைப் பிடித்து வாசல் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். நாளைக்கு அவரே தனியாகக் கோயில் வரை போய் வருவார்.