குடைக்கம்பிக்கு ஒரு குல்லாய்

கேள்வி: பேருந்து நெரிசலில் குடைக்கம்பி கண்ணைக் குத்தப் பார்க்கிறது. கம்பி நுனிக்கு ஒரு மூடி வடிவமைத்து, பாலிடெக்னிக் புராஜெக்டாகக் கொடுக்கலாமா? பசையால் ஒட்டினால் நிற்குமா? (மாணவர், கும்பகோணம்)

தாராளமாகக் கொடுங்கள் தம்பி, பின்னால் நிற்பவர்கள் வாழ்த்துவார்கள்! பசை மட்டும் வேண்டாம், நாலு மழைக்குத் தாங்காது. குடை விரிந்திருக்கும்போது துணி விறைத்து, கம்பி நுனியை உள்நோக்கி இழுக்கிறது அல்லவா? அந்த இழுப்பையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் வாயோரத்தில் ஒரு நூல்துளை விட்டு, துணியின் மூலையை அதில் நைலான் நூலால் தைத்துவிட்டால், குடையை விரிக்க விரிக்க மூடி கம்பியில் இறுகி உட்காரும். மடக்கும்போது துணி தளரும். அப்போது கழன்றுவிடாதபடி உள்துளை கம்பியைக் கவ்வும் அளவில் இருக்கட்டும்.

மூடியின் முனை உருண்டையாக, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் என்றால் கூருக்குப் பதில் கோலிக்குண்டு, அவ்வளவுதான். அடியில் ஓர் ஊசித்துளை விடுங்கள், இல்லையென்றால் உள்ளே தேங்கும் நீரில் கம்பி துருப்பிடிக்கும்.

பலர் கோட்டைவிடுவது பருமனில். எட்டுக் கம்பிக் குடையில் 12 மி.மீ. மூடி போட்டால், மடக்கும்போது எட்டும் தண்டைச் சுற்றி ஒட்டி நிற்க வெளிவிட்டம் சுமார் 43 மி.மீ. வேண்டும். குடை புடைத்துக்கொண்டு நிற்கும். 8 மி.மீ. என்றால் 29-க்குள் அடங்கிவிடும். கைப்பிடியின் மேல்முனையில் அந்த அளவுக்கு ஒரு கிண்ணம் வைத்தால் நுனிகள் அதற்குள் ஒடுங்கிக்கொள்ளும், பக்கத்துச் சீட்டுக்காரரின் வேட்டியும் தப்பிக்கும்.