கேட்டறியும் முறை

ஒரு கிராமத்தில் எத்தனை கிணறுகள் உள்ளன என்று கணக்கெடுக்க ஒரு படிவமும் எழுதுகோலும் போதும். அவற்றுள் ஒன்றை அதன் உடையவர் ஏன் கைவிட்டார், கைவிட்டபின் அக்குடும்பம் எவ்விதம் பிழைத்தது என்று அறிய அவை போதா. எதிரே அமர்ந்து வினவி, பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டும். கல்லூரிகளில் பண்புசார் ஆய்வு என்று வழங்கும் இம்முறை நம் சங்கங்களுக்கும் பயன்படுவதே. ஓர் அங்கத்தினர் சங்கத்துக்குச் சேலை கொடுப்பதை நிறுத்திவிட்டால் அது பேரேட்டில் தெரியும். நிறுத்திய காரணம் பேரேட்டில் இராது.

ஆற்காட்டுப் பகுதி இத்தகைய விசாரணைகளை நெடுங்காலமாகக் கண்டது. 1916ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணாக்கர்களைக் கிராமங்களை ஆராயும்படி ஏவினார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த தூசியும் ஒன்று. 1930களிலும் 1980களிலும் வேறு ஆராய்ச்சியாளர்கள் அவ்வூருக்கு மீண்டும் சென்றனர். 1970களில் புதிய நெல் ரகங்களின் விளைவை அறியக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினர் இந்த ஜில்லாவுக்கு வந்தனர். அக்குழுவைச் சேர்ந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட், அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஆரணியில் வியாபாரிகளை நேரில் கண்டு கேட்டறிந்தார். பின்னரும் பல்லாண்டுகள் அதே நகருக்குத் திரும்பத் திரும்ப வந்தார். முதல் முறை வந்தவரிடம் சொல்லாததை மூன்றாம் முறை வந்தவரிடம் சொல்வது நம் மக்களின் இயல்பன்றோ!

இம்முறையின் அவசியம் பாலாற்றுப் படுகையில் நன்கு விளங்கும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் பூர்வாங்கக் கணக்கு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. இழப்பீட்டை நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைக்கவும் கட்டளையிடப்பட்டது. அத்தகைய எண்ணுக்கு நீதிமன்றத்தில் உள்ள பலம் பெரிது. ஆயினும் நிலத்தை மட்டும் அளந்தால், நிலமே இல்லாதவர் அந்த அளவைக்குள் அகப்படமாட்டார். நாற்று நட்டுக் கூலி பெற்றுவந்த பெண் எத்தனை நாள் வேலையை இழந்தாள் என்பதை அவளையே கேட்டாலன்றி யாரும் அறியார்.

ஆகவே, யாரைக் கேட்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே விசாரணை முடிந்துவிடுவதுண்டு, அது போதாது. கிணறு உடையவர், குத்தகைக்காரர், கூலிக்காரர், தண்ணீர் சுமக்கும் பெண்கள் எனப் பலதரப்பட்டோரையும் தேடிச் செல்ல வேண்டும். நெசவாளர் வீடாயின் தறியில் அமர்பவரோடு தார் சுற்றுபவரையும் கேட்க வேண்டும்.

அடுத்தது வினா. "கழிவுநீரால் உங்களுக்கு நஷ்டம் உண்டா?" என்றால், "உண்டு" என்னும் ஒரு சொல்லே கிடைக்கும். அதுவும் நாம் வாயில் ஊட்டிய சொல். "ஐயா, இந்தக் கிணற்று நீரைக் கடைசியாக எந்தப் பயிருக்குப் பாய்ச்சினீர்கள்? பிறகு அந்த நிலத்தை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு நாம் மௌனமாக இருந்தால், பேச்சு தானே பெருகும். ஆண்டு நினைவில்லை என்பாரிடம், "மூத்த மகளின் கலியாணத்துக்கு முன்பா பின்பா? 2021இல் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அதற்கு முன்பா?" என்று வினவலாம். எழுதிய வினாக்களை முதலில் இரண்டொருவரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வது நலம்.

யார் முன்னிலையில் கேட்கிறோம் என்பது இதனினும் நுட்பமானது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரே வீட்டில் தகப்பனார் கிணறு கெட்ட விவசாயியாகவும், மகன் தோல் தொழிற்சாலையிலும் மகள் காலணித் தொழிற்சாலையிலும் சம்பளம் பெறுபவர்களாகவும் இருக்கக்கூடும். மூவரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்டால் ஒருவர் மற்றவரின் முகம் பார்த்தே பேசுவார். தனித்தனியே கேட்கும்போது தகப்பனார் சொல்வதற்கும் மகன் சொல்வதற்கும் முரண் தோன்றினால், ஒருவர் பொய்யுரைத்தார் என்று முடிவு கட்டலாகாது. அவ்வீடு எதனால் கெட்டது, எதனால் உண்கிறது என்ற இரண்டும் அந்த முரணில் அடங்கியுள்ளன. அதனை அப்படியே எழுதுவோமாக.

வந்த நோக்கத்தை மறைக்கலாகாது. உதவித்தொகை வாங்கித் தருவதாக ஆசை காட்டுவதும் தகாது. பெயர் வெளிவர விரும்பாதவரின் பெயரை ஏட்டிலேயே எழுத வேண்டாம். கைபேசியில் குரலைப் பதிவு செய்வதாயின் அனுமதி பெற்றே செய்ய வேண்டும். "தண்ணீர் கடுத்துப்போச்சு" என்று அவர் கூறியதை "நீரின் தரம் குறைந்தது" என்று நாம் மாற்றி எழுதினால், ருசி பார்த்தவரின் சாட்சியம் அழிந்துவிடும். குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும்.

அடுத்தடுத்துக் காணும் மனிதர்கள் புதிதாக ஒன்றும் கூறாத நிலை வரும்போது விசாரணையை நிறுத்தலாம். அதற்குமுன், எல்லாரும் கூறியதற்கு மாறாகக் கூறக்கூடியவர் எவரேனும் ஊரில் உண்டா என்று தேட வேண்டும். பிறகு, எழுதியவற்றுள் பொதுவில் சொல்லத்தக்கதை ஒரு மாலைப் பொழுதில் சங்கக் கட்டிடத்தில் வாசித்துக் காட்டலாம். "அது அந்த வருஷம் இல்லை" என்று ஒருவர் எழுந்து கூறுவார். ஏட்டைத் திறந்து அவ்விடத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.