எஃப் அடித்தால் அடுத்தது பெயர்

பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாவின் பென்ஷன் தாள்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி முடித்துவிட்டாயாமே, அம்மா சொன்னாள். பாரீஸ் சித்தப்பாவுக்கு ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதே. சும்மா படமாக அனுப்பினால் அது இளைக்க வைத்துத்தான் அனுப்பும், முத்திரையில் இருக்கும் பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாது. ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பு. கட்டுவதற்கு முன்னால் அக்கா பட்டதைக் கேட்டுக்கொள்.

போன வருஷம் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். டெர்மினலைத் திறந்து மூட்டை கட்டும் கட்டளையான டார், மைனஸ், சி இஸட் எஃப் என்று அடித்தவள், மூட்டைக்குப் பெயர் வைக்க மறந்து நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி என்று முடித்து என்டர் தட்டிவிட்டேன். எஃப் என்றால் 'அடுத்து வருவது மூட்டையின் பெயர்' என்று அர்த்தம். நட்சத்திரம் விரிந்ததும் வரிசையில் முதலில் நின்றது 001.ஜேபிஜி. அதுவே மூட்டையாகிவிட்டது! படம் போயே போய்விட்டது. அந்தப் பெயருக்குள் மற்ற படங்களெல்லாம் மூட்டையாக உட்கார்ந்திருந்தன. ஒரு எச்சரிக்கை, ஒரு கேள்வி கிடையாது.

அதனால் எஃப்பைக் கடைசி எழுத்தாக வை, உடனே பெயரைச் சொல். எழுத்தை மாற்றி சி எஃப் இஸட் என்று அடித்தாலும் வம்புதான், 'இஸட்' என்ற பெயரில் ஒரு ஃபைல் முளைக்கும்.

சரியாக அடிப்பது இப்படி. தாத்தா ஃபோல்டருக்குள் போகாதே, அதற்கு வெளியே ஒரு படி மேலே நில். டார், இடைவெளி, மைனஸ் சி இஸட் எஃப், இடைவெளி, தாத்தா.டார்.ஜிஇஸட், இடைவெளி, தாத்தா. உள்ளே நின்று கட்டினால், பிரிக்கிறவர் வீட்டில் இருநூறு படமும் கூடம் முழுக்கச் சிதறும்.

டார் தானாக எதையும் சுருக்காது. நம் புதுச்சேரி செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு நிறுவனத்தில் ஓலைச்சுவடி பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய சைவச் சுவடிகளில் பெரும்பகுதி அங்கேதான். ஓலையில் துளை போட்டுக் கயிறு கோத்துக் கட்டியிருப்பார்கள், ஓர் ஓலைகூடச் சிறுக்காது. டார் அந்தக் கயிறு. நாடாவில் சேமித்த காலத்து ஆள், 1979 யூனிக்ஸிலேயே இருந்தது. சுருக்கும் வேலை ஜிஜிப்புடையது, இஸட் அடித்தால் அதுதான் வரும். 1992-ல் அதை எழுதிய இருவரில் ஜான் லூ கையி பிரெஞ்சுக்காரர். நம் ஊருக்கு அந்த உறவும் உண்டு என்று வைத்துக்கொள்.

அளவு பாதியாகும் என்று காத்திருக்காதே. ஜேபிஜி ஏற்கெனவே சுருக்கியது. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை மறுபடி பிழிந்தால் என்ன வரும்? வெறும் எழுத்து ஃபைல் என்றால் நன்றாகச் சுருங்கும்.

யாராவது மூட்டை அனுப்பினால் முதலில் டார் மைனஸ் டி எஃப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார். பிறகு எக்ஸ் எஃப் போட்டுப் பிரி. லினக்ஸில் பிரிக்கும்போது இஸட் வேண்டாம், அதுவே கண்டுகொள்ளும். வேறு இடத்தில் பிரிக்க, கடைசியில் மைனஸ் பெரிய சி போட்டு ஃபோல்டர் பெயரைச் சொல். அந்த ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும். ஒற்றை ஃபைலை நேரே ஜிஜிப்பிடம் கொடுத்தால் அசலை விழுங்கிவிடும், மைனஸ் கே சேர்த்துக்கொள்.

இதுவரை சொன்னது நம் லினக்ஸுக்கு. சித்தப்பாவோ விண்டோஸ்காரர். அவருக்கு நான் டார் அனுப்பமாட்டேன். சாதாரணப் படமென்றால் ஜிப் போதும், மைனஸ் ஆர் மறக்காதே, மறந்தால் காலி ஃபோல்டர்தான் போகும். ஆனால் இதில் பாஸ்போர்ட் நகலும் எத்தா சிவீல் (பிறப்பு, திருமணப் பதிவு) தாளும் இருக்கின்றன. ஜிப் மைனஸ் இ போடும் பழைய பூட்டை நம்பாதே, லேசில் உடையும். அதற்குப் பதில் 7-ஜிப்பின் கட்டளையை அடி: 7இஸட், இடைவெளி, ஏ, இடைவெளி, மைனஸ் பி, இடைவெளி, மைனஸ் வி15எம், பிறகு மூட்டையின் பெயர், ஃபோல்டர். பாஸ்வேர்டு கேட்கும், மூட்டையும் 15 எம்பி துண்டுகளாக வரும். மெயிலுக்கு ஒரு துண்டாக அனுப்பினால் ஜிமெயிலின் 25 எம்பி வரம்பு இடிக்காது. சித்தப்பா 7-ஜிப் போட்டுக்கொண்டு, எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து 001-ஐத் திறக்கட்டும். பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாதே, போனில் சொல்.

அனுப்புவதற்கு முன் 7இஸட் டி போட்டுச் சோதி. அவர் திறந்து பார்த்தேன் என்று சொல்லும்வரை உன் கணினியில் எதையும் அழிக்காதே.

அந்தக் கல்யாண ஆல்பம் அம்மா பீரோவில்தான் இருக்கிறது. ஞாயிறு வரும்போது ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வா, முதல் படத்தை நீயே மறுபடி எடுத்துக்கொடு.