ஷோகேஸில் இருக்கும் வெள்ளைக் கல்

கயத்தாறில் பழைய வீடுகளின் ஷோகேஸைப் பார்த்தால் பல இடங்களில் ஒரு வெள்ளைக் கல் இருக்கும். ராமேஸ்வரம் போனபோது வாங்கியது, தூத்துக்குடி மாமா கொடுத்தது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று என் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. போன மாதம் அதைத் தூசி தட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேலெல்லாம் தேனடை மாதிரி குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள், சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போல. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன், பொங்கி நுரைத்தது. சுண்ணாம்புதான். ஆனால் அந்தக் குழி ஒவ்வொன்றும் ஓர் உயிர் இருந்த வீடு.

வீட்டில் நான் வளர்ப்பது கடல் மீன் தொட்டி. மீன்கள் மட்டும்தான். அதைப் பார்க்க வருகிறவர்கள் அடுத்து கேட்பது பவளத்தைப் பற்றித்தான். அவர்கள் சொல்லும் பல விஷயங்கள் நானும் ஒரு காலத்தில் நம்பியவைதான்.

பவளம் கல் என்பார்கள், இல்லையென்றால் கடல் செடி என்பார்கள். இரண்டும் இல்லை. அது விலங்கு, ஜெல்லி மீனுக்கு உறவுக்காரர். ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்கின்றன. நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்குக் கீழே வீடு கட்டுகின்றன. இரவில் கொடுக்குள்ள சிறு கைகளை நீட்டி மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்னும். உடலுக்குள் நுண்ணிய பாசியைக் குடிவைத்திருப்பதால் பகலில் அது வெயிலில் சமைத்துத் தரும். பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அந்தப் பாசியின் உபயம். ஆகவே வெளிச்சம் மட்டும் போதும் என்பதும் அரை உண்மைதான். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளமும் இதுவும் ஒன்றில்லை. அது மத்தியதரைக் கடலின் ஆழத்தில் வளரும் வேறொரு வகை. பாறை கட்டுவது அதன் வேலை இல்லை.

“அண்ணாச்சி, நம்ம போர் தண்ணியே உப்புதான? அதுல கொஞ்சம் தூத்துக்குடி உப்பைக் கலந்தா கடல் தண்ணி ஆயிராதா?”

கரிசல் காட்டில் பிறந்த எவருக்கும் இப்படித் தோன்றத்தான் செய்யும். கணக்கைப் பாருங்கள். வேறு வழியே இல்லாத ஊரில்கூடக் குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரம். கடல் நீரில் அது ஏறத்தாழ 35,000. நம் நாக்குக்குக் கரிக்கும் தண்ணீர் பவளத்துக்குக் கிட்டத்தட்ட நன்னீர். அதோடு வயலில் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் நிலத்தின் சிலிக்காவும் அதில் வந்து சேரும். அதனால்தான் தொட்டிக்காரர்கள் ஆர்.ஓ.வில் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு வெறுந்தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

உப்பின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வரப்போரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சுவார்கள். அடர்த்தி ஏற ஏற முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும். அடர்த்தியை அளக்கும் போமே கருவியில் 25 டிகிரி வந்தபின்தான் உப்பு பூக்கத் தொடங்கும். உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் போய்விடும். ஆக, நம் கைக்கு வரும் வெள்ளை உப்பில் கால்சியம் முன்பே கழன்றுவிட்டது, மெக்னீசியம் பின்னால் கழன்றுவிட்டது. குழம்புக்கு அது நல்ல உப்பு. வீடு கட்டப் பவளத்துக்குத் தேவைப்படுவதோ கழித்துவிட்ட அந்த இரண்டும்தான். லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில் இருந்தாக வேண்டும்.

உப்பளம் இன்னொன்றையும் கற்றுத்தரும். தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் கடல் நீரை ஊற்றி நிரப்பவேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே இருக்கிறது. நம் ஊர் வறண்ட காற்றில், அதுவும் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்றில், தொட்டி வேகமாக வற்றும். வற்றிய இடத்தை உப்பு நீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில வாரத்தில் வீட்டுக்குள் ஓர் உப்புப் பாத்தி தயார். ஊற்றவேண்டியது நன்னீர்.

“கால்சியம் குறையாம பாத்துக்கிட்டா போதும்” என்பது அடுத்தது. பவளம் வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள்கூடத் தடுக்கி விழுகிற இடம் இது. சுண்ணாம்பு என்பது கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தது. பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் எடுத்தால், காரத்தன்மை அளவையில் 2.8 டி.கே.எச். இறங்கும். கடலில் அந்தக் காரத்தன்மையின் மொத்தக் கையிருப்பே ஏறத்தாழ 7. நிறையப் பவளம் உள்ள தொட்டியில் ஒரு நாளில் 10 மில்லிகிராம் கால்சியம் போனால் 420 என்பது 410 ஆகும். அளவுக் கருவியில் அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அதே நாளில் 7 என்பது 5.6 ஆகிவிடும், ஐந்தில் ஒரு பங்கு காலி. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, அடுப்பில் விறகு இல்லை என்ற நிலை. கிளைப்பவளத்தின் அடிப்பகுதியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பிப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். காரத்தன்மை 8 என்றால் 8, 9 என்றால் 9. எந்த எண் என்பதைவிட நாள்தோறும் அது அசையாமல் நிற்பதே முக்கியம்.

இதற்கு உலகமெங்கும் பவளம் வளர்ப்பவர்கள் கையாளும் பழைய வைத்தியம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த பொருள்தான்: தெளிந்த சுண்ணாம்பு நீர். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்திலேயே உள்ளே போகும். அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துக் கரைத்துவிடாதீர்கள். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெளிநீரின் பி.எச். 12-க்கு மேல். சுத்தமான சுண்ணாம்பாகவே இருந்தாலும் ஒரு டம்ளரை ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியில் உள்ள உயிர்கள் வெந்துபோகலாம்.

அந்தச் சுண்ணாம்பு என்ற சொல்லே தூத்துக்குடிக் கடலில் நடந்த வேறொன்றை எனக்கு நினைவூட்டும். பவளம் தன் வீட்டைக் கட்டச் சுண்ணாம்பு வேண்டும் என்று ஊட்டுகிறோம். நம் வீட்டைக் கட்டச் சுண்ணாம்பு வேண்டும் என்று மன்னார் வளைகுடாவின் பவளத்தைப் பல பத்தாண்டுகள் பெயர்த்தெடுத்துச் சூளையில் வைத்தோம், தொழிற்சாலைக்கு அனுப்பினோம். அங்கே தீவுகள் மொத்தம் 21. அலையைத் தடுத்த பவளம் போனதால் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கயத்தாறிலிருந்து தூத்துக்குடி ஐம்பது அறுபது கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயண தூரத்திலும் இது நடந்தது என்பதை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தண்ணீர் கண்ணாடி மாதிரி எந்தச் சத்தும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதும் தப்பு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் போனால் உள்ளே குடியிருக்கும் பாசி பட்டினி கிடக்கும், பவளம் வெளிறும். கொஞ்சம் வேண்டும், மிஞ்சினால் சுண்ணாம்பு கட்டுவதே தடைபடும்.

“கடல் வெயில்லதான கெடக்கு, நம்ம வெயில் என்ன செய்யும்?” செய்யும். பவளம் வாழ்வது தன் தாங்குசக்தியின் ஓரத்தில். தொட்டியில் 25, 26 டிகிரி செல்சியஸ் நல்லது. மன்னார் வளைகுடாவில் கோடையில் நீர் 30-ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், உடலுக்குள்ளிருக்கும் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும், வெள்ளையாகிவிடும். வெள்ளையானது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பட்டினியில் இருக்கிறது. சூடு தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் சாவுதான். 2016-ல் அதுதான் நடந்தது. ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு சில மாதங்களில் 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. சித்திரை மாதத்தில் நம் வீட்டு அறையில் மூன்று மணி நேரம் கரண்ட் போனால், சின்னத் தொட்டி அதே கதிக்கு எவ்வளவு சீக்கிரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் வறண்ட காற்றுள்ள நம் ஊரில் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் அதுவும் கரண்டில்தான் ஓடவேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைத் தெரியாமல் யாரும் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. “கரையில ஒதுங்குனதுதான, செத்ததுதான, எடுத்தா என்ன?” பாறை கட்டும் பவளம் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிரோடு எடுப்பது மட்டுமல்ல, செத்ததை விற்பதும் வாங்குவதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அனுமதி வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது கிளைப்பவளம் தருகிறேன் என்றால் அது எங்கிருந்தோ உடைக்கப்பட்டது. தொட்டி ஆசை உள்ளவர்கள் செயற்கைப் பாறை வைத்து, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனை வளர்க்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. என் தொட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

உயிர்ப்பவளத்தை நட்டு வளர்க்கும் வேலையைத் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் செய்து வருகிறார்கள், கடலுக்குள்ளேயே, அனுமதியோடு. நலமாக இருக்கும் பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டு எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, அடியில் இறக்குகிறார்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். கிளைப்பவளம் 10 வரை நீளும். சில மாதங்களில் சதை அந்தக் கட்டின் மேலேயே படர்ந்து மூடி, சிமெண்டைப் பற்றிக்கொள்ளும்.